திங்கள் வெளியீட்டுக் கட்டுரைகளும் மேற்கோள் நெறியும்

சைவசித்தாந்த நூல்கள் பொருளியல்பு கூறுமுன் அளவையியல்பு கூறுதலை மரபாகக் கொண்டன. அருணந்தி சிவாசாரியர் தம் சிவஞான சித்தியார் சுபக்கத்தினை அளவையோடு தொடங்கினமை சைவ நன்மக்கள் யாவரும் அறிந்ததே. காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் உரைக்கு உயிராவது, உரைத்தவர் இன்னார் என்னும் தெளிவாம். இறைவன் அருளிய ஆகமவுரை தன்னளவில் தானே நிலைபெறுவது. அதனொடு மக்கள் உரையை ஒருங்குவைத்து எண்ணுதல் தகாது. மக்கள் உரையோ பிறிதொன்றால் ஆராய்ந்து கொள்ளற்பாலது. இக்காலத்து ஆராய்ச்சி நூல் எழுதுவார் ஒருவர் ‘இன்ன அறிஞர் இங்ஙனம் கூறினர்’ என்று எழுதுமிடத்து, அவ்வறிஞர் அதனை எங்கே, எப்பொழுது கூறினர் என்பது விளங்கினாலன்றிப் படிப்பவர் அதனைச் சென்று கண்டு தெளிதல் இயலாது. அவ்விடத்தினைக் காட்டுதற்கென்று நூலின் இறுதியில் அமைவதே துணைநூற்பட்டி. அப்பட்டியுள்ளும் திங்கள் வெளியீடுகளில் வந்த கட்டுரைகளைக் குறிக்கும் பகுதி, சைவத்தைப் பற்றி எழுந்த ஆராய்ச்சி நூல்கள் பலவற்றில் எத்துணை நெகிழ்ந்து கிடக்கின்றது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

‘மேற்கோள்’ என்னும் சொல்லே இவ்விடத்து ஒரு நகைச்சுவை விளைக்கின்றது. சிவஞானபோத மரபில் மேற்கோள் என்பது நிறுவப்பட வேண்டிய கூற்று. அதன்பின் ஏதுவும் எடுத்துக்காட்டும் வந்து அதனை நிறுவுதல் வேண்டும். இக்கால வழக்கிலோ பிறர் கூற்றினை எடுத்தாளுதல் மேற்கோள் எனப்படுகின்றது. சொல் ஒன்றாயினமையாற் போலும், எடுத்தாண்ட அளவிலேயே கூற்று நிறுவப்பட்டதாகக் கருதி அமைந்துவிடுவார் சிலர் உளர். நிறுவப்படாத மேற்கோள் என்னும் பழைய பொருள் அவர்க்கே மிகவும் பொருந்துவதாகும்.

பண்டை உரையாசிரியர்கள் தாம் எடுத்துக்காட்டிய செய்யுட்கு நூற்பெயரும் பலவிடத்துக் கூறாது ‘என்றார் பிறரும்’ என்று அமைந்தனரே, அவர் வழி நிற்றல் குற்றமாமோ எனின், அற்றன்று. அவர்கள் காட்டியவை செய்யுட்கள்; மாணாக்கர் நெஞ்சில் வரப்பாடமாய் நின்றவை. ஏட்டுச்சுவடியிலோ ஒரு படிக்கும் மற்றொரு படிக்கும் ஏட்டெண் ஒத்திராது. ஆதலின் அடியின் முதற்சொல் ஒன்றே இடங்காட்டப் போதியதாயிற்று. திங்கள் வெளியீட்டில் வந்த உரைநடைக் கட்டுரையோ எவர் நெஞ்சிலும் பாடமாய் நிற்பதன்று. அதற்கு இடமாவது அச்சிட்ட தாளொன்றே. வெளியீட்டின் பெயரும், அதன் தொகுதியெண்ணும், இதழெண்ணும், திங்களும், ஆண்டும், பக்கமும் ஆகிய இவையே அக்கட்டுரைக்கு ஊரும் தெருவும் மனையுமாக நிற்பன. இவற்றுள் ஒன்று தவறினும் தேடுவார் வேறு மனைக்கதவைத் தட்டுவர்.

இஃது ஒரு சிறு முறைப்பாட்டுக் குற்றம் என்று தள்ளத்தக்கதோ என்பதற்குத் திருஞானசம்பந்தமூர்த்தி சுவாமிகள் காலவாராய்ச்சியே தக்க சான்றாகும். கூன்பாண்டியனை மார்க்கோ போலோ குறித்த சுந்தர பாண்டியனோடு ஒருவனாக வைத்து, அதனாற் பிள்ளையார் காலத்தினைக் கி. பி. 13ஆம் நூற்றாண்டிற்கு இறக்கினார் கால்டுவெல். அவர்தம் ஒப்பிலக்கணத்தின் இரண்டாம் பதிப்பு வெளிவந்தது 1875இல். மேனாட்டறிஞர் பலரும் அவ்வழியே சென்ற அக்காலத்தில், அக்கொள்கையின் வேரினை அறுத்தெறிந்தவர் திருவனந்தபுரம் மகாராசர் கல்லூரிப் பேராசிரியரும் மனோன்மணீய ஆசிரியருமாகிய பெ. சுந்தரம் பிள்ளை. பிள்ளையார் 7ஆம் நூற்றாண்டிற்குப் பிற்பட்டவர் ஆகார் என்பது அவர் முடிபு. அவர்தம் ஆங்கிலக் கட்டுரை முதற்கண் 1891இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரித் திங்கள் வெளியீட்டில் வந்தது. மனோன்மணீயம் அச்சேறியதும் அவ்வாண்டே. பின்னர் 1895இல் அக்கட்டுரை ‘தமிழிலக்கிய வரலாற்றில் சில மைல்கற்கள்’ எனப் பொருள்படும் பெயரோடு நூல் வடிவுற்றது. 1896இல் ‘இந்தியன் ஆன்டிகுவரி’ என்னும் ஆராய்ச்சி வெளியீட்டிலும், 1909இல் பண்டிதர் சவரிராயர் நடத்திய ‘தமிழியன் ஆன்டிகுவரி’ என்னும் வெளியீட்டிலும் இடம்பெற்றது.

இனித் துணைநூற்பட்டிகளிற் காணப்படுவது யாது? ஒரு நூல் 1909 என்னும். மற்றொரு நூல் 1895 என்னும். 1896 என்னும் நூலும் உண்டு. 1891 என்று எழுதுவார் மிகச் சிலரே. ஒவ்வொன்றும் தன்னளவிற் பொய்யன்று. அவ்வவ்வாண்டில் அக்கட்டுரை அச்சாயினமை மெய்யே. ஆயினும் அவ்வெண் தனித்து நின்று படிப்பவர்க்கு உணர்த்துவது வேறு. சுந்தரம் பிள்ளை இறைவன் திருவடி அடைந்தது 1897இல். ஆசிரியர் பெயரை அடுத்து ஆண்டினை இடும் முறையில் ‘சுந்தரம் பிள்ளை 1909’ என்று எழுதப்படுமாயின், மறைந்து பன்னீராண்டு கழிந்தபின் அவர் எழுதினார் என்றாகும். இது கேட்பார்க்கு நகையாய் முடியும். நகையளவில் நில்லாத குற்றமும் இதன்கண் உண்டு. ஹுல்ட்ஷ் என்பார் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளுள் முதலாவது 1890இலேதான் வெளிவந்தது. 1891இல் எழுதினவர்க்குக் கிடைத்த கல்வெட்டுச் சான்று சாலச் சிறிது. 1909இல் எழுதுவார்க்குக் கிடைத்தது மிகப் பெரிது. சிறுத்தொண்ட நாயனார் வாதாபியினை அழித்த செய்தியினையும், பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் வாதாபி கொண்ட செய்தியினையும் இயைத்துப் பிள்ளையார் காலத்தினை 7ஆம் நூற்றாண்டின்கண் நிறுத்திய வெங்கையா முதலிய கல்வெட்டறிஞர்தம் முடிபுகள் இற்றை நாள் யாவரும் ஒப்புவன. 1909 என்னும் எண்ணை மட்டும் கண்ட மாணாக்கர், சுந்தரம் பிள்ளையும் அச்சான்றுகளை யெல்லாம் முன்வைத்துக்கொண்டு பிறர் கண்ட முடிபினையே வழிமொழிந்தார் என்று எண்ணுவர். இருளில் முதல் விளக்கு ஏற்றியவர், விடிந்தபின் விளக்கேந்தி வந்தவராகக் கருதப்படுவர். சைவ வரலாற்றிற்கு அப்பெரியார் செய்த தொண்டு ஓர் எண்ணின் பிழையால் மறைக்கப்படுதல் நேர்மையாகுமோ?

அங்ஙனமாயின் 1891 என்று மட்டும் எழுதுதல் அமையுமோ எனின், அதுவும் அமையாது. எழுதுபவர் தம் கையில் வைத்துப் பார்த்தது 1909ஆம் ஆண்டு அச்சினையாயின், அவர் காட்டும் பக்கவெண்ணும் அவ்வச்சிற்கே உரியது. ஆண்டு ஒன்றிலிருந்தும் பக்கம் மற்றொன்றிலிருந்தும் எடுத்துக் கோத்தால், உலகில் யாண்டும் இல்லாத ஒரு பதிப்பு அப்பட்டியில் பிறந்துவிடும். முதல் வெளியீட்டின் ஆண்டினையும் தாம் கண்ட அச்சின் ஆண்டினையும் ஒருங்கே குறித்து, பக்கம் தாம் கண்டதற்குரியது எனக் காட்டுதலே செந்நெறியாம்.

ஜே. எம். நல்லசாமிப் பிள்ளையின் எழுத்துக்கள் பட்ட பாடும் இதுவே. அவர் 1897ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் நாள் தொடங்கிய ‘சித்தாந்த தீபிகை’ 1914 வரை நடைபெற்றது. ஆங்கிலம் அறிந்த உலகிற்குச் சித்தாந்தத்தை அறிவுறுத்திய அவ்வெளியீட்டில் அவர் அவ்வப்பொழுது எழுதியனவும் அவைகளில் பேசியனவும் 1911இல் ஒரு தொகுப்பு நூலாயின. அத்தொகுப்பு பின்னரும் அச்சேறியது. இக்காலத்து மாணாக்கர் கையிற் கிடைப்பது பெரும்பாலும் பிற்பட்ட அச்சே. அதன் முகப்பில் உள்ள ஆண்டினை அப்படியே பெயர்த்து எழுதுதலால், 1920இல் மறைந்த பெரியார் நம் காலத்தவர் போலப் பட்டியில் நிற்கின்றார். ஆசிரியர் ஒருவரின் கருத்து வளர்ந்த வகையை ஆராய்வார்க்கு இஃது எத்துணை இடர் செய்யும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. 1897இல் ஒருவர் எழுதியதற்கும் 1910இல் எழுதியதற்கும் இடையே பதின்மூன்றாண்டுக் கல்வியும் வாதமும் உள்ளன. தொகுப்பினை மட்டும் காட்டும் பட்டி அப்பதின்மூன்றாண்டினையும் ஒரே நாளாக்கி விடுகின்றது. சிவஞான சித்தியாருக்கு அவர் இயற்றிய ஆங்கில மொழிபெயர்ப்பும் தீபிகையில் பகுதி பகுதியாக வந்து 1913இல் நூலாயிற்று என்பதை ஈண்டு நினைவுகூர்தல் தகும்.

மேலும், ‘சித்தாந்த தீபிகை’ என்று மட்டும் எழுதுதலும் போதியதன்று. ஆங்கிலத்தில் வந்ததும் அப்பெயரதே. தமிழில் வந்ததும் அப்பெயரதே. தமிழ்த் தீபிகையின் தொடக்கக் காலத்தில் அதன்கண் தொண்டாற்றியவர் நாகை வேதாசலம் பிள்ளை. ஆங்கிலத் தீபிகைக்கு ‘உண்மையின் ஒளி’ எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயர் முதலில் நிற்றலின், நூலகப் பட்டிகள் சில அதனை அப்பெயரால் ஓரிடத்தும், தீபிகை என்னும் பெயரால் வேறோரிடத்தும் வைத்துள்ளன. ஈழத்திலும் இவ்வாறே. யாழ்ப்பாணத்துச் சைவ பரிபாலன சபையார் 1889இல் தொடங்கிய ‘இந்து சாதனம்’ தமிழிலும், ‘இந்து ஆர்கன்’ ஆங்கிலத்திலும் இரட்டைப் பிள்ளைகளாய் வந்தன. ஒன்றில் வந்ததை மற்றொன்றின் பெயரால் எழுதுதல் தேடுவாரை அலைக்கழிப்பதாகும். செய்தித்தாளாய் வந்தவற்றிற்குத் தொகுதியெண்ணினும் நாளும் திங்களுமே சிறந்த குறிகள் என்பதும் அறியற்பாலது.

இனித் தமிழ் வெளியீடுகட்கே உரியதொரு சிக்கல் உண்டு. அது சுவையுடையது, ஆதலின் சற்று விரித்துக் கூறத்தக்கது. மேனாட்டு வெளியீடுகள் எல்லாம் தொகுதி, இதழ் என்பவற்றிற்கு ஏறக்குறைய ஒரே சொற்களை வழங்கும். தமிழ் வெளியீடுகளை நடத்திய புலவர்களோ பெயரிடுதலிலும் புலமை காட்டினர். மதுரைத் தமிழ்ச் சங்கத்துச் ‘செந்தமிழ்’ தொகுதி, பகுதி என்னும். திருநெல்வேலித் தென்னிந்திய சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தார் 1923இல் தொடங்கிய ‘செந்தமிழ்ச் செல்வி’ சிலம்பு, பரல் என்னும். செல்விக்குச் சிலம்பும் சிலம்பிற்குப் பரலும் அமைந்த அழகு உணர்ந்து மகிழத்தக்கது. கரந்தைத் தமிழ்ச் சங்கத்தார் 1925இல் தொடங்கிய ‘தமிழ்ப் பொழில்’ துணர், மலர் என்னும். சைவசித்தாந்த மகாசமாஜத்தின் ‘சித்தாந்தம்’ மலர், இதழ் என்னும். இவற்றுள் இடுக்கண் எங்குளது என்பது உற்றுநோக்கின் விளங்கும். பொழிலில் மலர் என்பது ஒரு திங்களுக்குரிய சிறு வெளியீடு; துணர் அதன் தொகுதி. சித்தாந்தத்திலோ மலரே தொகுதி. இதழே திங்கள் வெளியீடு. ஆகவே ‘மலர் 5’ என்பது பொழிலுக்கு ஐந்தாம் திங்களையும், சித்தாந்தத்திற்கு ஐந்தாம் ஆண்டினையும் குறிக்கும். ஆண்டுவிழாக்களில் வெளியிடப்படும் சிறப்பு வெளியீடும் மலரென்றே வழங்குதலின், அதனொடும் மயக்கம் நேரும்.

இச்சொற்களை யெல்லாம் களைந்துவிட்டு, இரண்டு எண்களை மட்டும் இட்டு, ஒன்றனை அடைப்புக்குறியினுள் வைக்கும் மேனாட்டு முறையை அப்படியே கொள்ளுவார் பலர். முன்னெண் தொகுதி, அடைப்பினுள் உள்ளது இதழ் என்பது அம்முறையின் கருத்து. பெயர்த்து எழுதுவார் பொழிலின் மலரைச் சித்தாந்தத்தின் மலர் போலக் கருதி எண்களை மாற்றி இட்டுவிட்டால், பிழை நேர்ந்தது என்பதைக் காட்டுதற்கும் அவ்விடத்து ஒரு சொல் இராது. சிலம்பு இத்தனை, பரல் இத்தனை என்று வெளியீட்டில் உள்ளவாறே எழுதப்பட்டிருப்பின் எண் மாறினும் சொல் காட்டிக்கொடுக்கும். ஓரிரு சொற்களைச் சுருக்குவதால் மிச்சமாகும் மை மிகச் சிறிது, இழப்போ பெரிது. ஆதலின் வெளியீடு தன் தொகுதிக்கும் இதழுக்கும் இட்ட பெயரையே பட்டியிலும் வைத்தல் முறையாம்.

ஆண்டு குறித்தலில் வரும் மயக்கமும் இதனோடு ஒப்பது. பழைய வெளியீடுகள் பலவற்றின் முகப்பில் பிரபவ முதலிய அறுபதாண்டுப் பெயரும் தமிழ்த் திங்களுமே முதன்மையாக நிற்கும். சித்திரையில் தொடங்கும் தமிழாண்டு ஆங்கில ஆண்டு இரண்டனைத் தழுவிக் கிடப்பது. ‘ருதிரோற்காரி ஆண்டு தைத் திங்கள்’ என்று கண்டவர், ருதிரோற்காரி 1923 என்று அட்டவணை நோக்கி எழுதிவிட்டால் ஓராண்டு பிழைபடும். அத்தைத் திங்கள் 1924இன் தொடக்கத்தது. அறுபதாண்டுச் சக்கரம் மீண்டும் சுழலுதலால், ஆண்டுப்பெயர் ஒன்றே தனித்து நிற்பின் அது 1863ஐயோ 1923ஐயோ 1983ஐயோ குறிக்கக்கூடும். தொகுதியும் ஆங்கில ஆண்டோடு ஒத்துத் தொடங்குவதன்று. செந்தமிழின் முதற்றொகுதி 1902இன் இறுதியில் தொடங்கி, பெரும்பகுதி 1903இல் வெளிவந்தது. தீபிகையின் முதற்றொகுதி 1897இன் இடையில் தொடங்கி மறு ஆண்டிற் சென்று முடிந்தது. தொகுதியெண் கொண்டு ஆண்டினைக் கணக்கிட்டு எழுதுவார் பாதி இடங்களில் வழுவுவர். உமாபதி சிவாசாரியர் தம் சங்கற்ப நிராகரணத்துள் சக ஆண்டு 1235 என்று பாயிரத்திலேயே பொறித்து வைத்தமையால் அன்றோ, அவர் காலம் கி. பி. 1313 என்று ஐயமின்றித் துணியப்படுகின்றது! காலங்குறித்தல் மேனாட்டார் தந்த புதுமை என்பார் இதனை உன்னுக. திங்களும் தமிழாண்டும் உள்ளவாறே எழுதி, அதற்கு நேரான ஆங்கில ஆண்டினை உடன் வைத்தால் இருவகை மயக்கமும் நீங்கும்.

பெயர் அமைப்பில் மேனாட்டு முறையைப் பின்பற்றுதலால் விளையும் கேடு இவற்றினும் வெளிப்படையானது. குடும்பப் பெயரை முன்வைத்து இயற்பெயரைப் பின்வைத்தல் அம்முறை. குடும்பப் பெயர் வழங்கும் நாட்டிற்கு அது பொருந்துவதே. தமிழர் பெயரில் முன்னெழுத்து ஊரையும் தந்தையையும் குறிக்கும். பின்னிற்பது குலப்பட்டமாகவோ, பட்டமின்றி வெறும் இயற்பெயராகவோ இருக்கும். அவ்விதியை இயந்திரம் போற் செலுத்தினால் ‘பிள்ளை, ந.’, ‘பிள்ளை, சு.’, ‘பிள்ளை, வே.’ என்று பிள்ளைமார் அனைவரும் ஒரு வரிசையில் நிற்பர். முதலியார்கள் பிறிதொரு வரிசையில் நிற்பர். இன்னார் இன்னவர் என்று தெரிந்துகொள்ளுதற்குரிய இயற்பெயரோ ஓரெழுத்தாய்த் தேய்ந்துவிடும். நூலாராய்ச்சிக்கு உதவாது குலவாராய்ச்சிக்கு மட்டுமே உதவும் பட்டியாக அது முடியும். நல்லசாமிப் பிள்ளை, ஜே. எம். என்று இயற்பெயர் முதலாக வைத்தலே தமிழ் மரபிற்கு இயைந்தது.

ஒருவரே பல பெயரால் எழுதியவிடத்தும் கருத்து வேண்டும். முன்னர்க் குறித்த நாகை வேதாசலம் பிள்ளை துறவு பூண்டு சுவாமி வேதாசலம் எனப்பட்டார். தனித்தமிழ்க் கொள்கை தழுவியபின் மறைமலையடிகள் ஆனார். 1902இல் அவர் தொடங்கிய ‘ஞானசாகரம்’ என்னும் வெளியீடும் பின்னர் ‘அறிவுக்கடல்’ ஆயிற்று. வெளியீட்டிற்கும் ஆசிரியர்க்கும் ஒருங்கே பெயர் மாறிய இவ்விடத்தில், தொடக்கக் காலத்துக் கட்டுரையை ‘மறைமலையடிகள், அறிவுக்கடல்’ என்று எழுதுவார் உளர். அக்கட்டுரை அச்சான நாளில் அவ்விரு பெயரும் பிறந்தில. நூலகத்தில் அப்பெயரால் தேடுவார்க்கு அத்தொகுதி கிடைப்பதும் அரிது. அச்சிட்டவாறே பெயரை எழுதி, பிற்பெயரைப் பகரவடைப்பினுள் உடன் தருவதால் இருமையும் காக்கப்படும். புனைபெயரால் எழுதப்பட்டவற்றிற்கும் இதுவே நெறி. புனைபெயர்க்கு உரியார் இன்னார் என்று சான்றின்றித் துணிந்து, அவர் பெயரையே ஆசிரியர் பெயராக எழுதிவிடுதல் பெருந்தவறு; எதிர்வழக்காடும் கட்டுரைகளில் அது ஒருவர் சொல்லாததை அவர் தலையில் ஏற்றுவதாய் முடியும்.

மேனாட்டு முறைகளை அறவே வெறுத்தொதுக்குதல் ஈண்டுக் கருத்தன்று. அவற்றின் வரலாற்றை நோக்கின், அவையும் தம் துறைக்குத் தேவை நேர்ந்தபடி தோன்றியனவே. ஆசிரியர் பெயரையும் ஆண்டினையும் உரையினூடே அடைப்பினுள் இடும் வழக்கம் 1881இல் எட்வர்டு மார்க் என்னும் உயிர்நூலறிஞர் நத்தையினத்தைப் பற்றி எழுதிய ஓராராய்ச்சியிற் காணப்படுவதாகக் கூறுவர். சிகாகோ பல்கலைக்கழகத்தாரின் கைந்நூல் 1906இல் வந்தது; அமெரிக்க உளநூற் கழகத்தார் தம் விதிகளை 1929இல் ஒரு திங்கள் வெளியீட்டில் சில பக்கங்களிலே அடக்கி வெளியிட்டனர். உயிர்நூலுக்கும் உளநூலுக்கும் ஆண்டே தலையாயது; நேற்றைய ஆராய்ச்சி இன்றைய ஆராய்ச்சியால் கழிக்கப்படுதலின். சமயநூல் ஆராய்ச்சியில் பழையது கழிக்கப்படுவதன்று. நூறாண்டிற்கு முந்திய கட்டுரையும் இன்றும் வாதத்தில் நிற்கும். ஆகவே மறுபதிப்பின் ஆண்டினைப் பெயரோடு ஒட்டிவைக்கும் முறை அத்துறைகட்குச் செய்யாத தீங்கினை இத்துறைக்குச் செய்கின்றது. முதல் வெளியீட்டின் ஆண்டினையும் உடன் காட்டுதற்குரிய வழி அம்முறைகளின் உள்ளேயே வகுக்கப்பட்டுளது. விதியினை முழுதும் படியாது மாதிரி வரிகளை மட்டும் பார்த்து எழுதுவார் அதனை விட்டுவிடுகின்றனர், குற்றம் விதியினதன்று.

இக்குற்றங்கள் எல்லாவற்றிற்கும் வேராவது ஒன்றுண்டு. அது, தாம் காணாததைக் கண்டது போல எழுதுதல். ஒருவர் தம் நூலில் செந்தமிழ்த் தொகுதி ஒன்றனைக் காட்டி ஒரு பகுதியை எடுத்தாளுகின்றார். அடுத்து வருபவர் செந்தமிழைத் தேடாது அந்நூலிலிருந்தே அப்பகுதியையும் குறிப்பையும் பெயர்க்கின்றார். இடைநின்ற நூலின் பெயரையோ மறைத்து விடுகின்றார். முன்னவர் பக்கவெண்ணில் அச்சுப்பிழை நேர்ந்திருப்பின் பின்னவரும் அப்பிழையையே எழுதுவர், மூன்றாமவரும் அவ்வாறே. பிழை ஒன்றே வழிவழி வருதல், எவரும் மூலத்தினைக் காணவில்லை என்பதற்கு மறுக்கலாகாச் சான்றாகும். இன்னார் நூலுள் எடுத்தாளப்பட்டது என்று ஒரு தொடர் சேர்த்து எழுதுதலில் இழிவு யாதும் இல்லை. கேட்டதைக் கேட்டதாகவே கூறுவார் சொல்லை உலகம் நம்பும்.

மூலத்தினைக் காண்டல் எளிதன்று என்பது உண்மையே. பழைய வெளியீடுகளைக் கட்டடம் செய்வோர் மேலட்டையையும் விளம்பரத் தாள்களையும் நீக்கிவிட்டுக் கட்டுதல் வழக்கமாயிருந்தது. திங்களும் ஆண்டும் இதழெண்ணும் சிலவற்றில் மேலட்டையிலேயே இருந்தமையால், அவை அட்டையோடு போயின. தொகுதி முழுதும் பக்கவெண் தொடர்ந்து ஓடும் வெளியீடாயின் தொகுதியும் பக்கமும் கொண்டே இடங்காணலாம். இதழ்தோறும் பக்கவெண் புதிதாகத் தொடங்கும் வெளியீடாயின் இதழெண் இன்றிப் பக்கவெண் பயன்படாது. ‘தொடரும்’ என்று நின்ற கட்டுரைகளில் முதற்பகுதியின் பக்கத்தை மட்டும் எழுதி, ஏனைய பகுதிகளை மறந்து விடுவதும் இதனால் நேர்வதே. சில திங்கள் இடையிட்டுத் தொடர்ந்த கட்டுரையாயின், ஆசிரியர் இரண்டாம் பகுதியில் தம் கருத்தினைத் திருத்திக்கொண்டதும் உண்டு. அதனைக் காணாது முதற்பகுதியையே அவர் முடிபாகக் காட்டுதல் அவர்க்கு இழைக்கும் அநீதி.

இக்காலத்தில் இவ்வருமை பெரிதும் குறைந்துளது. கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேமிப்பினைக் கொண்டு 1994இல் சென்னையில் அமைந்த ஆராய்ச்சி நூலகம், பழைய வெளியீடுகள் பலவற்றை நுண்படமாக்கிக் காத்து வருகின்றது. கழகத்தார் 1958இல் நிறுவிய மறைமலையடிகள் நூலகமும், சாமிநாதையர் பெயரால் அமைந்த நூலகமும் ஆராய்வார்க்குத் துணை செய்தன. மின்படிகள் வீட்டிலிருந்தே காணக் கிடைக்கின்றன. ஆயினும் மின்படியின் கோப்புப் பக்கவெண்ணையும் தாளில் அச்சான பக்கவெண்ணையும் ஒன்றெனக் கொண்டு எழுதும் புதுக்குற்றம் அதனோடு கூடவே வந்தது. முகப்பும் பொருளடக்கமும் சேர்த்து எண்ணப்படும் கோப்பெண், அச்செண்ணினும் பத்தோ பன்னிரண்டோ மிகுந்திருக்கும். காட்டவேண்டுவது தாளில் உள்ள எண்ணே.

மெய்யன்பர் சிலர், ‘திருவருட்பேறு கருதி நூலோதுவார்க்குச் சிலம்பும் பரலும் எற்றிற்கு?’ என வினவுதல் கூடும். ஓதுதற்கு அவை வேண்டா. வாதிடுதற்கு வேண்டும். சித்தாந்தம் இன்னது, இன்ன பெரியார் இன்னது கூறினர் என்று அச்சிலேற்றிப் பிறரை நம்புவிக்கப் புகுந்தவர் அப்பெரியார் சொல்லுக்குக் கடன்பட்டவர். மாதவச் சிவஞான யோகிகள் தம் மாபாடியத்துள் ஆகமவுரைகளை எடுத்தாளுமிடத்து இன்ன ஆகமம் என்று பெயர் சுட்டிச் சென்றமை நோக்குக. மாற்றார் முன் நின்று வழக்குரைப்பார்க்கு அது வேண்டப்பட்டது. அப்பேரறிஞர்க்கு வேண்டப்பட்டது இன்றைய மாணாக்கர்க்கு வேண்டாவாமோ?

இதன்பொருட்டு உடனே செய்யத்தக்க பணி ஒன்று எஞ்சி நிற்கின்றது. செந்தமிழ், தீபிகை இரண்டு, ஞானசாகரம், செல்வி, பொழில், சித்தாந்தம் ஆகிய இவற்றில் வந்த சைவக் கட்டுரைகள் அனைத்திற்கும், ஆசிரியர் பெயரும், தலைப்பும், வெளியீடு வழங்கிய சொல்லாலேயே தொகுதியும் இதழும், தமிழாண்டும் ஆங்கில ஆண்டும், தொடர்ந்த பகுதிகள் எல்லாவற்றின் பக்கங்களும், பின்னர் நூலாகியதாயின் அந்நூலும் காட்டும் அடைவு ஒன்று. தொகுதிகளைக் கையில் வைத்து, மேலட்டை இழந்தவற்றைப் பிறிதொரு நூலகத்துப் படியோடு ஒப்பிட்டு, இருவராயினும் அமர்ந்து செய்யின் முடியும் பணி அது. சுந்தரம் பிள்ளை கட்டுரையின் நான்கு அச்சுக்களையும் அருகருகே வைத்து, 1891இல் உள்ளது எது, பின்னர்ச் சேர்ந்தது யாதேனும் உண்டோ என வரிவரியாக நோக்குதலை அதன் முதற்படியாகக் கொள்ளலாம்.